மாப்பிள்ளைத் தட்டு

— கையில அந்தக் கொப்புளம் உடைஞ்சிருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. உடைஞ்சிருந்தா இந்த லேப் கதவைத் தாண்டி வரக் கூடாது.

— உடையல அண்ணி. சும்மா உப்பிக்கிட்டு நிக்குது. குப்பை கொளுத்தும்போது பட்டுச்சு, அவ்வளவுதான்.

— பெயிண்டருக்கு எதுக்குக் குப்பை கொளுத்துற வேலை?

— வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்கணும்ல. நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போனதுல இருந்து பூட்டியே கிடக்கு. வீட்டு ஓனர் எவ்வளவு நாள்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பாரு? சுவரெல்லாம் பெயிண்ட் அடிச்சாச்சு. பின்பக்கம் புதர் மண்டிக் கிடந்துச்சு, அதையும் ஒழுங்கு பண்ணிட்டேன். சும்மா உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிக்குது அண்ணி. கை ஓடிக்கிட்டே இருக்கணும்.

— சாவி கொண்டு வந்தீங்களா?

— கொண்டு வந்தேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு பேசணும்.

— பேசலாம். முதல்ல அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்குங்க. இந்தாங்க, கையுறை. எதையும் தொடாதீங்க, எது மேலயும் சாயாதீங்க. தும்மல் வந்தா வெளிய போயிடுங்க.

— லீவு நாள்தானே, யாரு பாக்கப் போறாங்க?

— கிருமி லீவு போடாது. உக்காருங்க. என்ன பேசணும்?

— உங்க அக்கா ஃபோன் பண்ணாங்க. முதல்ல நான் நம்பல.

— என்ன சொன்னா?

— அண்ணனைக் கொன்ன கிருமியை நீங்க இங்க வச்சு வளக்குறீங்கன்னு.

— அவகிட்ட வாய் விட்டது என் தப்பு. சரி.

— சரின்னா என்ன அர்த்தம்? உண்மையா?

— உண்மைதான்.

— அண்ணி, கொஞ்சம் முழுசாப் பேசுங்க. இப்பல்லாம் எதைக் கேட்டாலும் சரி, ஆமா, உண்மைதான். உங்ககிட்ட பேசுறதும் சுவத்துக்கிட்ட பேசுறதும் ஒண்ணா இருக்கு. சுவராவது ரெண்டு கை அடிச்சா நிறம் மாறும்.

— என்ன பேசணும்? எந்த மருந்துக்கும் மசியாத கிருமி கிடைச்சா ஆஸ்பத்திரியில இருந்து இங்க அனுப்புவாங்க. யாரோடதுன்னு பேர் இருக்காது. அந்தக் குழாய் வந்தப்போ இந்த லேபை நடத்துற டாக்டரம்மா என் கையிலதான் கொடுத்தாங்க. தட்டுல பூசி வச்சேன். மறுநாள் மூடியைத் திறந்தேன். பழுத்த திராட்சை வாசனை. ஓரத்துல பச்சை.

— அதுக்கு என்ன?

— அவர் கால்ல பேண்டேஜைப் பிரிக்கும்போது அதே வாசனை வரும். அதே பச்சை. உங்களுக்கு மூக்கு அடைச்சிருந்துச்சோ என்னமோ, நீங்க கவனிக்கல.

— வாசனையை வச்சு எப்படி அண்ணி சொல்ல முடியும்? இந்தக் கிருமி எத்தனையோ பேருக்கு இருக்கும்.

— இருக்கும். ஆனா குழாய் மேல வார்டு போட்டிருந்துச்சு. வலது உள்ளங்கால், மரச்சிலாம்பு குத்தின புண்ணுன்னு போட்டிருந்துச்சு. அந்த வார்டு வாசல் பெஞ்சுலயே கிடந்தவ நான். உள்ளங்கால் புண்ணோட உள்ள இருந்தது அவர் ஒருத்தர்தான்.

— ஒரு சிலாம்பு. துணிக்கொடி கட்டுறேன்னு வெறுங்காலோட பின்பக்கம் வெட்டி விட்ட அந்த அடிமரத்து மேல ஏறினாரு. ஒரே ஒரு சிலாம்பு. அதுக்கு ஒரு மனுஷன் போயிடுவானா?

— போயிட்டாரே.

— எங்க இருக்கு அது?

— உங்க முன்னாடிதான். அந்தத் தட்டு. தொடாம குனிஞ்சு பாருங்க.

— இதுவா?

— இதுதான்.

— பால் ஆறினா ஆடை படியுமே, அந்த மாதிரி இருக்கு. நான் என்னென்னமோ நினைச்சுக்கிட்டு வந்தேன்.

— என்ன நினைச்சீங்க?

— தெரியல. பாத்தாலே பயமா இருக்கும்னு நினைச்சேன். அண்ணனைச் சாய்ச்சதாச்சே. பீரோவை ஒத்தையில தூக்கி மாடிக்கு ஏத்துன ஆளு.

— நானும் அன்னைக்கு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். அழுகை வரும்னு பாத்தேன், வரல. கோபமாவது வரும்னு பாத்தேன், அதுவும் வரல. மூடியைப் போட்டு சூட்டுப்பெட்டிக்குள்ள வச்சுட்டு, கையைக் கழுவிட்டு சாப்பிடப் போனேன். சாப்பாடு கூட நல்லாத்தான் இருந்துச்சு.

— இதுக்குத் தீனி வேற போடுறீங்களாமே.

— தட்டுல இருக்கிற ஜெல்லிதான் அதுக்குச் சோறு. அது தீர்றதுக்குள்ள புதுத் தட்டுக்கு மாத்தணும். இல்லேன்னா செத்துடும்.

— சாகட்டுமே.

— செத்துட்டா எதை வச்சுப் பாக்குறது?

— எதைப் பாக்குறது?

— காளானை.

— என்னது?

— காட்டுல, தோப்புல, மக்கின மரத்துல முளைக்கிற காளான். யாராவது பறிச்சுக் கொண்டு வருவாங்க. காய வச்சு, அரைச்சு, ஸ்பிரிட்ல ஊறப் போட்டு, சாறு எடுப்பேன். இங்க பாருங்க, இந்தக் காகிதப் பொட்டு. அந்தச் சாறை இதுல ஒரு சொட்டு விட்டு, கிருமி பூசின தட்டு மேல வைப்பேன். கிருமி சாகுதா, இல்ல அந்தப் பொட்டு மேலயும் ஏறிப் படருதான்னு மறுநாள் பாக்கணும். இதான் என் வேலை. அவர் இருக்கும்போதும் இதான், இப்பவும் இதான்.

— காளானுக்குக் கிருமியைக் கொல்ற சக்தி எங்க இருந்து வரும்?

— அது எங்க வாழுதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஈரத்துல, அழுகல்ல. சுத்தியும் எல்லாமே அதைத் தின்னக் காத்துக்கிட்டிருக்கு. எழுந்து ஓட அதுக்குக் கால் இல்ல. அப்பவும் அழுகாம நிக்குதுன்னா மடியில ஏதோ சரக்கு வச்சிருக்கு. அதைத்தான் தேடுறோம்.

— தங்கச்சி, உள்ள வரலாமா? அவிக்கிறதுக்குத் தட்டு ஏதாவது இருக்கா?

— வாங்கண்ணே. அந்த ஓரத்துல அடுக்கியிருக்கு. லீவுல எதுக்கு வந்தீங்க?

— வீட்டுல இருந்தா காய் நறுக்கச் சொல்றாங்க தங்கச்சி. இங்க வந்தா பாத்திரம் கழுவுறதோட போச்சு. சார் யாரு, புதுசா சேர்ந்திருக்காரா?

— எங்க வீட்டுக்காரரோட தம்பி.

— அப்படியா. உக்காருங்க சார், உக்காருங்க. நான் இங்க கண்ணாடி சாமானெல்லாம் கழுவுறவன். பழைய தட்டையெல்லாம் குக்கர்ல போட்டு அவிக்கிறதும் நான்தான். நம்ம குக்கருக்குத் தப்பின கிருமி இந்த உலகத்துல இல்ல, பாத்துக்குங்க. என்ன தங்கச்சி, மாப்பிள்ளை மசிஞ்சாரா?

— இல்லண்ணே.

— பொட்டு வச்சாச்சா?

— வச்சாச்சு.

— கோட்டை கட்டுச்சா, இல்ல இன்னைக்கும் கோட்டை விட்டாச்சா?

— விட்டாச்சு.

— சார், உங்களுக்குப் புரியாது. இங்க ஒரு கிருமி இருக்கு. எந்த மருந்தை வச்சாலும் மூஞ்சியைத் திருப்பிக்கும். அதுக்கு மாப்பிள்ளைன்னு நான்தான் பேர் வச்சேன். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எதை வச்சாலும் வேணாம்பாரே, அதே முறுக்கு. இப்ப டாக்டரம்மா கூட அப்படித்தான் கூப்பிடுறாங்க. ஏன் தங்கச்சி, நான் சொல்றது சரிதானே?

— சரிதாண்ணே.

— தங்கச்சிதான் பாவம். மாப்பிள்ளைக்குப் பணிவிடை பண்ணியே ஓய்ஞ்சு போச்சு. சரி, நான் இதை எடுத்துக்கிட்டுப் போறேன். மாப்பிள்ளை எங்கயும் போக மாட்டாரு. பாத்துப் பேசிட்டு வாங்க சார்.

— போயிட்டாரா?

— போயிட்டார். மெதுவாப் பேசுங்க, குக்கர் பக்கத்து ரூம்லதான்.

— அவருக்குத் தெரியாதா?

— இங்க யாருக்கும் தெரியாது.

— மாப்பிள்ளைங்கிறாரு, அண்ணி.

— தெரியாமத்தானே சொல்றார்.

— உங்க அப்பா அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவாரு. தெருமுனையில வரும்போதே குரல் கேக்கும். மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா, மாப்பிள்ளைன்னு. நீங்க எப்படி இதை நாள் பூராக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?

— பேர் வச்ச அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் பழகிப் போச்சு. இப்பல்லாம் நானே சொல்றேன். காலையில வந்ததும் பெட்டியைத் திறந்து, மாப்பிள்ளை என்ன பண்றார்னு பாக்குறேன்.

— இது நல்லா இல்ல அண்ணி. சொல்லிட்டேன். இது எந்த விதத்துலயும் நல்லா இல்ல.

— சரி.

— அந்தச் சரியை விடுங்க. நான் வந்ததே இதுக்குத்தான். அதைக் கொன்னுடுங்க. உங்களால முடியலேன்னா எந்தத் தட்டு, எந்தக் குழாய்னு காட்டுங்க. அந்தக் குக்கர்ல நான் போடுறேன். அண்ணன் மண்ணுக்குள்ள கிடக்காரு, இது இங்க சூட்டுப்பெட்டியில சொகுசா படுத்துக்கிட்டிருக்கு. நினைச்சாலே வயிறு எரியுது.

— கொன்னா?

— கொன்னா எனக்குத் தூக்கம் வரும். எனக்குத் தூக்கம் வரணும் அண்ணி. உங்களுக்கு வர வேணாமா?

— எனக்கு நல்லா வருது. படுத்தா தூங்குறேன், எழுப்பினா எழுந்திரிக்கிறேன். அதான் எனக்கே பிடிக்கல. இந்தப் பக்கம் வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்.

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. உங்க பேச்சுக்குத்தான் பதில். பெட்டியோட கீழ் அடுக்குல இருந்து எடுக்கிறேன், தள்ளி நில்லுங்க. இப்ப இந்த விளக்குக்கு நேரா வச்சுப் பாருங்க. என்ன தெரியுது?

— அதே ஆடைதான் தட்டு முழுக்க. நடுவுல பொட்டு. பொட்டைச் சுத்தி ஓட்டை.

— ஓட்டை இல்ல. கோட்டை.

— இதையா? கழட்டிடவா?

— நீங்க போட்டிருக்கிற கோட்டைச் சொல்லல தம்பி. நிலாவைச் சுத்தி வட்டமா கோட்டை கட்டுமே, மழை வரும்பாங்களே. அந்தக் கோட்டை. பொட்டுல இருக்கிற மருந்து கசிஞ்சு, சுத்தி இருக்கிற கிருமியைக் கொன்னா இப்படி ஒரு வட்டம் விழும். எத்தனையோ காளானைப் பாத்துட்டேன். எதுவும் கட்டல. இது ஒண்ணுதான் கட்டியிருக்கு.

— அப்ப இந்த வட்டத்துக்குள்ள?

— மாப்பிள்ளை இல்ல. செத்துட்டார்.

— அண்ணி.

— ம்.

— அப்ப மருந்து கிடைச்சுடுச்சா? அந்தக் கழுவுறவர்கிட்ட இல்லேன்னீங்களே.

— பொய் சொன்னேன். டாக்டரம்மாகிட்ட கூட இன்னும் சொல்லல. மருந்துன்னும் இப்பவே சொல்லிட முடியாது. இது தட்டு, மனுஷ உடம்பு இல்ல. இதுல இருந்து ஒரு ஊசியோ மாத்திரையோ வர்றதுக்குள்ள நமக்கெல்லாம் தலை நரைச்சுடும். ஆனா இனிமே எவளாவது ஒருத்தி ஒரு வார்டு வாசல்ல பெஞ்சுல கிடப்பா இல்லையா. அவ புருஷனுக்கு ஆகும்.

— இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் மறைச்சு வச்சிருக்கீங்க?

— எங்க பறிச்சேன்னு கேப்பாங்க. அதைச் சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். இந்தக் கிருமி யாரோடதுன்னும் சொல்லணும். சொன்னா இதைக் கையில தர மாட்டாங்க, வேற ஆளை வச்சுப் பாத்துப்பாங்க. அதுவும் இல்லாம, சாறு தீர்ந்து போச்சு. இந்தப் பொட்டுல விட்டது கடைசிச் சொட்டு. கையில ஒண்ணும் இல்லாம போய் என்னத்தைக் காட்டுறது?

— காளான்தானே? பண்ணையில வளக்குறாங்களே, அந்த மாதிரி வளத்துக்க வேண்டியதுதானே?

— வளத்தேன். இதோ, இந்தத் தட்டுல வெள்ளை வெள்ளையாப் பஞ்சு மாதிரி இருக்கே, அதேதான். நல்லா வளருது. ஆனா அந்தச் சரக்கைச் சுரக்க மாட்டேங்குது. வச்சா கோட்டை கட்டல. மரத்தூள்ல போட்டுப் பாத்தேன், அப்பவும் கட்டல. அதே ஜாதிக் காளானை வேற இடத்துல இருந்து வரவழைச்சேன். அதுவும் கட்டல.

— ஏன்?

— இங்க அதுக்கு எதிரி யாரும் இல்லையே. வேளா வேளைக்குச் சோறு, சுத்தமான தட்டு. சண்டையே இல்லாத இடத்துல எதுக்கு ஆயுதம் செய்யணும்? அது முளைச்ச மரத்துல என்னென்ன பூஞ்சை, என்னென்ன புழு, எதெது கூட அது மல்லுக்கட்டுச்சோ, அத்தனையும் வேணும். அந்த மரமே வேணும். அது இருந்தா போதும், டாக்டரம்மா ஒரு பெரிய கூட்டத்தையே இறக்கி எப்படிச் சுரக்குதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. இப்பப் புரியுதா, உங்க அண்ணனைக் கொன்னதை நான் ஏன் சாக விடலன்னு? அது இல்லேன்னா இந்த வட்டம் விழுந்திருக்காது.

— புரியுது அண்ணி. நான் என்னமோ உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சுட்டேன். உங்க அக்காவும் அப்படித்தான் பயப்படுறாங்க. மன்னிச்சுக்குங்க.

— மன்னிக்க என்ன இருக்கு? எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வரும்.

— எந்த மரம்னு சொல்லுங்க. எங்க இருந்தாலும் நான் போய் எடுத்துட்டு வர்றேன். வண்டி பேசிடலாம், பசங்களைக் கூட்டிட்டு வர்றேன். அண்ணனுக்காக இதைக் கூடச் செய்யலேன்னா எப்படி?

— அதான் உங்களை வரச் சொன்னேன். அதான் சாவி கேட்டேன்.

— சாவிக்கும் இதுக்கும் என்ன அண்ணி?

— கடைசியா அந்த வீட்டுக்குத் துணிமணி எடுக்கப் போனோமே, ஞாபகம் இருக்கா?

— இல்லாம என்ன. நீங்க பின்பக்கம் போய் அப்படியே நின்னுட்டீங்க. நான் கூப்பிடக் கூட இல்ல. நிலைப்படிக்கிட்டயே நின்னேன்.

— மழை விட்டிருந்துச்சு. அந்த அடிமரம் கறுத்துப் போய் ஊறிக் கிடந்துச்சு. அவர் ஏறி நின்ன இடம் எதுன்னு தேடினேன். சிலாம்பு பேர்ந்த வெடிப்பு தெரிஞ்சுச்சு. அந்த வெடிப்பு நெடுக்கப் பூத்திருந்துச்சு தம்பி. சின்னச் சின்னதா, வெளிறின குடை. இவ்வளவு நாள் இங்கதான் இருந்துச்சா, நான் பாக்கலையான்னு நினைச்சேன். அப்புறம் எதுவும் நினைக்கல. சாப்பாட்டு டப்பாவுல பறிச்சுப் போட்டுக்கிட்டேன். காளானைப் பாத்தா பறிக்கிறது, கைப்பழக்கம்.

— அந்தக் காளானா?

— அதான் இந்தக் கோட்டை. வீட்டு ஓனர்கிட்ட சாவி போறதுக்குள்ள நாம போயிடணும். கடப்பாரை எடுத்துக்குங்க. வேரோட, சுத்தி இருக்கிற மண்ணோட, ஒரு சில்லு சிந்தாம தோண்டி எடுத்துடலாம். ஈரச் சாக்கு நான் கொண்டு வர்றேன். நாளைக்கே டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன். திட்டினா திட்டட்டும், வேற ஆள்கிட்ட கொடுத்தா கொடுக்கட்டும். அவரைக் கொண்டுபோன அன்னைக்குக் கூட எனக்கு ஒண்ணும் ஆகல. இப்ப எனக்கு என்னமோ பண்ணுது தம்பி. நல்லா இருக்கு. அழுகை வரும் போல இருக்கு.

— அண்ணி.

— சொல்லுங்க.

— அன்னைக்கு நீங்க அந்த மரத்தைப் பாத்துக்கிட்டு நின்னப்போ, நான் உங்க முதுகைத்தான் பாத்தேன். அழுறீங்கன்னு நினைச்சுட்டேன்.

— அழல. பறிச்சுக்கிட்டிருந்தேன்.

— இனிமே உங்க கண்ணுல அது படவே கூடாதுன்னு நினைச்சுட்டேன்.

— எது? ஏன் சட்டுன்னு உக்காந்துட்டீங்க? கையைக் காட்டுங்க, கொப்புளம் உடைஞ்சிடுச்சா? குப்பை கொளுத்தும்போது தள்ளி நிக்கக் கூடாதா?

— அது குப்பை இல்ல, அண்ணி.